ஆட்டப் பெட்டிக்கு ஓர் அனுமதி

ராஜபாளையத்தில் ஒரு பெண்பிள்ளை தன் சொந்த வீட்டில், தன் சொந்த டிவியில், மீசை வைத்த ஒரு குள்ள மனிதனை ஓடவிட்டால் அது அரசாங்கத்தின் எந்தப் பிரிவில் வரும் என்ற கேள்வி 1994-ஆம் வருஷம் தை மாதம் வரைக்கும் யாருக்கும் எழவில்லை. எழுந்த பிறகு அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அரசாங்கத்தால் முடியவில்லை.

மெகராஜ் பேகத்துக்கு அரசாங்கத்தைத் தொந்தரவு செய்யும் எண்ணமே கிடையாது. அவள் புருஷன் அப்துல் ஹமீது அரபு நாட்டில், தம்மாமில் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு கம்பெனி அமையும்வரை அவர் அங்கே பத்துப் பேரோடு ஒரு ரூமில் காத்துக் கிடந்தார். போன தடவை ஊருக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் மிச்சம் இருந்தவை ஒரு கலர் டிவியும் ஒரு வீடியோ கேம் பெட்டியும்தான். மெகராஜ் பேகம் முன்னறையில் பாயை விரித்தாள், டிவியை ஸ்டூலில் வைத்தாள், வாசலில் 'இங்கு வீடியோ கேம் விளையாடலாம்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். அந்த வீட்டில் அன்றிலிருந்து சம்பாதிக்கிற ஆம்பளை அந்தப் பெட்டிதான்.

கூட்டம் வந்ததென்றால் அப்படி வந்தது. மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்தார்கள். டீக்கடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், 'எத்தனாவது ஸ்டேஜ்?' என்று கேட்டார்கள். ஜாய்ஸ்டிக்கை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் கொப்பளித்தவர்கள் அதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார்கள். பொறவு அதுவே நாகரிகமாகி, ஒரு தடவைகூட விளையாடாதவர்களும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பஜாரில் திரிந்தார்கள். ஒரு தரகர் பெண் வீட்டாரிடம், 'பையன் டிப்ளமோ, ஏழாவது ஸ்டேஜ்' என்று சொன்னதாகவும், பெண் வீட்டார் செத்த நேரம் யோசித்துச் சம்மதித்ததாகவும் பேச்சு இருந்தது.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை பெண்களுக்கு. அதில் முதல் ஆளாக வருபவள் பக்கத்துத் தெரு அய்யம்மாள். அவளுக்கு டாங்கி ஆட்டம்தான் பிடிக்கும்.

இவ்வளவு பேர் வந்தும் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அந்த வீட்டிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரி மெகராஜ் பேகம்தான். காலையில் பாத்திரம் கழுவி முடித்து, கூட்டம் வருவதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக விளையாடுவாள். குழியில் விழுந்து செத்தாலும் அந்த மீசைக்காரன் மறுபடி எழுந்து நின்று மூஞ்சியைச் சுளிக்காமல் ஓடத் தொடங்குவான். தம்மாமிலிருந்து கடிதம் வராத நாட்களில் அதைப் பார்க்க அவளுக்கு ஒரு தெம்பாக இருக்கும்.

தை மாதக் கடைசியில் ஒருநாள், கையில் ரெக்சின் பையோடு ஒருவர் வாசலில் நின்றார். நெடுநெடுவென்ற உயரம், பயந்த மாதிரியான கண்கள்.

"நான் உக்கிரபாண்டி. சிரிவில்லிபுத்தூர்ல இருந்து வாரேன். பொழுதுபோக்குச் சாதனங்கள் முறைப்படுத்தும் தனி அலுவலகம். ஆய்வாளர்."

அப்படி ஓர் அலுவலகம் இருப்பது மெகராஜ் பேகத்துக்கு அன்றுதான் தெரியும். திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர்கள், ராட்டினம் போடுகிறவர்கள், கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்த்தான் அனுமதி வாங்க வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ எதற்கோ ஏற்படுத்தினார்கள். மூடுவதற்கு உத்தரவு போட ஆள் இல்லாததால் அது நடந்துகொண்டிருந்தது.

"ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்திருக்கு," என்றார் உக்கிரபாண்டி. "இந்த இல்லத்தில் அனுமதியின்றி ஒரு சாதனம் இயங்கிவருவதாகவும், அதனால் பொதுமக்கள் பொழுது போக்குவதாகவும் தெரியவருகிறது. உண்மையா?"

"பொழுதுதான் போக்குறாக சார். வேற ஒண்ணும் செய்யல."

"அதான் குற்றச்சாட்டு."

அவர் படிவத்தை எடுத்தார். அதில் மூன்றே கேள்விகள். சாதனம் ஒலி எழுப்புமா, சாதனம் சுற்றுமா, சாதனத்தில் ஆள் ஏறுவார்களா. ஒலி எழுப்பும் என்று எழுதிக்கொண்டார். சுற்றுமா என்பதில் தயங்கினார். டிவியில் மீசைக்காரன் குதித்து ஒரு குட்டிக்கரணம் போட்டதைப் பார்த்து, 'பகுதியளவு சுற்றும்' என்று எழுதினார். மீசைக்காரன் ஒரு குழாய்மேல் ஏறி நின்றான். 'ஆள் ஏறுகிறார். ஒருவர்' என்று மூன்றாவதையும் பூர்த்தி செய்தார்.

"அடுத்து பயன்படுத்துவோர் அபிப்பிராயம். விதியில இருக்கு," என்று சொல்லி அங்கிருந்தவர்களைப் பார்த்தார்.

முதலில் வேல்சாமி. வன்னியம்பட்டிக்காரர், மைக் செட் வைத்திருப்பவர், ராஜபாளையத்துக்கு ஸ்பீக்கர் ரிப்பேருக்கு வந்தவர் இங்கே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் எதுக்கு ஓடுதான்னு அவனுக்கே தெரியல சார். ஆனா நிக்க மாட்டேங்குறான். காளானைத் தின்னா பெருசாகுறான், ஆமையைத் தொட்டாச் சின்னதாகுறான். எங்க மச்சான் இப்படித்தான்."

'மேற்படி நபர் இலக்கின்றி ஓடுவதாகவும், உணவைப் பொறுத்து உருவம் மாறுவதாகவும் பயனர் கருதுகிறார்' என்று உக்கிரபாண்டி எழுதினார்.

மணி இரண்டாகிவிட்டதால் அய்யம்மாளும் வந்து நின்றாள். அவளையும் கேட்டார்.

"எனக்கு டாங்கி கேம்தான் சார். வெளியே இருந்து எதிராளி டாங்கி வரும், அதைச் சுடணும். நடுவுல நம்ம கோட்டை இருக்கு. கை தவறி நம்ம டாங்கியே நம்ம கோட்டையைச் சுட்டுட்டா ஆட்டம் முடிஞ்சுரும். எதிராளிகூட அம்புட்டு வேகமா முடிக்க மாட்டான். எங்க குடும்பத்துல நடந்தது அதான்."

'பயனர் தம் குடும்ப வரலாற்றோடு ஒப்பிட்டு நிறைவடைகிறார்.'

மூன்றாவது, வாத்து சுடும் ஆட்டம். அதற்குப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வந்திருந்தது. "இதை நானே பரிசீலிக்கணும். ஆயுதம் சம்பந்தப்பட்டிருக்கு," என்று உக்கிரபாண்டி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். டிவியில் புல்லுக்குள்ளிருந்து வாத்து பறந்தது. சுட்டார். வாத்து போய்விட்டது. புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது.

உக்கிரபாண்டியின் முகம் மாறியது. ராஜபாளையத்து நாய் கடிக்கும், துரத்தும், கேட்டுக்கு மேலே தாண்டும். யாரையும் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

"எதுக்குச் சிரிக்குது?"

"குறி தப்புனா சிரிக்கும் சார்."

"அரசு ஊழியர் பணியில இருக்கும்போதுமா?"

மறுபடி சுட்டார். நாய் மறுபடி சிரித்தது. நாலு மணிவரை சிரித்தது. அன்றைக்குப் பெண்களின் நேரம் முழுவதும் அரசாங்கத்துக்கே போயிற்று.

அடுத்த எட்டு நாளும் உக்கிரபாண்டி வந்தார். ஒன்பதாம் நாள், மிகுந்த வருத்தத்தோடு, விதியை விளக்கினார். எந்தச் சாதனமானாலும் அது தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை முழுச் சுற்றும் ஆய்வாளர் கண்ணால் பார்க்க வேண்டும். ராட்டினத்துக்காக எழுதிய விதி அது. ராட்டினம் அஞ்சு நிமிஷத்தில் நின்றுவிடும். இந்தப் பெட்டி நிற்கிற மாதிரி தெரியவில்லை. ஆகவே மேல் பரிசீலனைக்காக அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

"விதி பதினாலுப்படி பார்த்தா இந்த வீட்டையே பூட்டி முத்திரை வைக்கணும். நீங்க குடியிருக்கீக. அதனால கருணை அடிப்படையில சாதனத்தை மட்டும் கொண்டு போறேன்," என்றார்.

"எப்ப சார் திருப்பித் தருவீக?"

"முடிஞ்சதும்."

"எது முடிஞ்சதும்?"

"ஆட்டம்."

ஒரு ரசீது கொடுத்தார். 'டிவி ஒன்று. பெட்டி ஒன்று. கேசட் மூன்று. துப்பாக்கி (சுடாதது) ஒன்று.' பெட்டியை ஆட்டோவில் ஏற்றியபோது தெருவே திரண்டு நின்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கையில் பிளாஸ்திரி இருந்தது.

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. பெட்டி வரவில்லை. மெகராஜ் பேகம் வீட்டில் விறகுக்குப் பதில் அட்டைப் பெட்டிகளை எரித்தாள். வாசலில் தொங்கிய அட்டையும் அடுப்புக்குப் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு சிரிவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

தனி அலுவலகம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது. வாசலில் நீளமான வரிசை. அம்மன் கோயில்களில் பங்குனிப் பொங்கல் திருவிழா நெருங்கிவிட்டதால் சுற்றுவட்டாரத்து மைக் செட்காரர்கள் எல்லோரும் அனுமதிக்கு வந்து நின்றார்கள். வேல்சாமியும் அதில் இருந்தார்.

"எத்தனை நாளா நிக்கீக அண்ணே?"

"பதினோரு நாள். உள்ளே ஆய்வுல இருக்காக. நாலாவது கோட்டையில மாட்டிக்கிட்டாகளாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. ஜன்னல் வழியாக டிவி கொஞ்சம் தெரியும் என்பதால் அந்த இடத்தை விட்டுக் கொடுக்காமல் நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அவர் சொல்லச் சொல்ல ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். 'குதிச்சுட்டாரு', 'செத்துட்டாரு' என்ற செய்தி வரிசையின் கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

மெகராஜ் பேகம் உள்ளே போனாள். கோப்புகளின் மேல் அவளுடைய டிவி இருந்தது. எதிரே நாற்காலியில் தனி அலுவலர் இருளப்பசாமி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று உக்கிரபாண்டி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க. முற்பகல் பதினொன்று இருபது. மேற்படி நபர் நெருப்பில் விழுந்து காலமானார்," என்றார் தனி அலுவலர். பிறகுதான் அவளைப் பார்த்தார். "யாரும்மா?"

"பெட்டிக்குச் சொந்தக்காரி சார்."

அவர் எழுந்து நிற்காத குறையாக மரியாதை காட்டினார். "வாங்கம்மா. உட்காருங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சாதனத்தை நான் பரிசீலிச்சதில்லை. என் அபிப்பிராயத்தைச் சொல்லவா? இவனுக்கு மூணு உயிர் குடுத்திருக்கான். அதுபோக நாணயம் நூறு எடுத்தா இன்னொரு உயிர். ஓர் அரசு ஊழியனுக்கு இந்த வசதி உண்டா? மெடிக்கல் லீவே மறுக்கான்."

"எனக்குப் பெட்டி வேணும் சார். பொழப்பு நின்னு போச்சு."

"தாராளமா. முழுச் சுற்று பார்த்ததும் கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா இந்த நாலாவது கோட்டைதான் விடமாட்டேங்குது. வழி சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வருது. மனு மேலதிகாரிக்குப் போய்த் திரும்பி வருமே, அது மாதிரி."

மெகராஜ் பேகம் டிவியைப் பார்த்தாள். அவர் கீழ்ப்பாதையில் போயிருந்தார். மேலே போயிருக்க வேண்டும்.

"நான் முடிச்சுக் காட்டுனா கையெழுத்துப் போடுவீகளா?"

உக்கிரபாண்டி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, சாதனத்தை யார் இயக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை என்றார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஜாய்ஸ்டிக் கைக்கு வந்ததும் ஒன்றரை மாதக் கவலை எங்கோ போயிற்று. நாலாவது கோட்டையை இரண்டு நிமிஷத்தில் தாண்டினாள். ஜன்னலில் வேல்சாமிக்கு வரிசைக்குச் சொல்லி மாளவில்லை. ஐந்து, ஆறு, ஏழு போனது. எட்டாவது கோட்டையில் நெருப்புக் கக்கும் பூதத்தைப் பாலத்தோடு விழத்தட்டி, அடைபட்டிருந்த ராஜகுமாரியின் முன்னால் மீசைக்காரனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வெளியே வரிசை முழுவதும் கை தட்டியது.

தனி அலுவலர் கண் கலங்கினார். பேனாவை எடுத்தார். டிவியில் ஏதோ இங்கிலீஷில் வந்ததைக் கண்ணாடியை இறக்கி வைத்து வாசித்தார். பேனாவை மூடிவிட்டார்.

"என்ன சார்?"

"இதே ஆட்டத்தை இன்னும் கடுமையா மறுபடி ஆடச் சொல்லுதும்மா. அப்ப சுற்று முடியல."

"அது சும்மா சார். எல்லாம் அதேதான் திரும்ப வரும்."

"வருதுல்ல? ராட்டினம் நின்னாத்தான் சுற்று முடிஞ்சதா அர்த்தம். நான் வேணும்னு செய்யல. நீங்களே பார்த்தீகள்ல?"

மெகராஜ் பேகத்துக்குக் கோபம்கூட வரவில்லை. கையில் இருந்த ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள் அச்சடித்திருந்தார்கள். பதினாலாவது அவள் கண்ணில் பட்டது. நிதானமாக வாசித்தாள்.

"சார், அனுமதி இல்லாத இடத்துல சாதனம் ஓடுனா அந்த இடத்தைப் பூட்டி முத்திரை வைக்கணும்னு போட்டிருக்கு."

"ஆமா. கண்டிப்பா."

"இந்த ஆபீஸுக்கு அனுமதி இருக்கா சார்?"

இருளப்பசாமி உக்கிரபாண்டியைப் பார்த்தார். உக்கிரபாண்டி பதிவேட்டைப் பார்த்தார். இந்த முகவரிக்கு வீடியோ கேம் இயக்க அனுமதி எதுவும் வழங்கப்பட்டிருக்கவில்லை.

வேறு அலுவலராக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். இருளப்பசாமி அப்படிப்பட்டவர் அல்ல. முப்பது வருஷம் விதியை மீறாதவர். அன்று மாலையே தன் பேருக்குத் தானே ஒரு நோட்டீஸ் அனுப்பினார். மூன்று நாள் கழித்து அதற்குத் தானே விளக்கம் எழுதினார். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று தானே குறிப்பு எழுதினார். நான்காம் நாள், உக்கிரபாண்டி அரக்கை உருக்கி, தனி அலுவலகத்தின் வாசல் கதவுக்கு முத்திரை வைத்தார். ஜன்னலையும் உள்ளே தாழிட்டாயிற்று. பரிசீலனை முடிந்ததாகச் சான்று கொடுத்தால்தான் முத்திரையை உடைக்கலாம். பரிசீலிக்க வேண்டிய பெட்டி உள்ளே இருந்தது.

இந்தச் சிக்கல் சென்னைக்கு எழுதி அனுப்பப்பட்டது. பதில் வரும்வரை அலுவலர்கள் இருவரும் சம்பளத்தோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. தனி அலுவலர் மகாராஜபுரத்தில் இருந்த சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். உக்கிரபாண்டி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெருமாள்பட்டிப் பக்கம் நாய்களை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதாக ஒருவர் சொன்னார்.

ஆனால் வரிசை போகவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் மறுநாளும் காலை பத்து மணிக்கு மைக் செட்காரர்கள் வந்து நின்றார்கள். ஐந்தரைக்குக் கலைந்தார்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்று அவர்களே இடைவேளை விட்டுக்கொண்டார்கள்.

மெகராஜ் பேகமும் தினமும் வந்தாள். அவள் டிவி உள்ளே இருந்தது. கதவு எப்போது திறந்தாலும் அப்போது அங்கே இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மூன்றாம் நாள் யார் முன்னால், யார் பின்னால் என்று வேல்சாமிக்கும் தேவதானத்து ஆள் ஒருவருக்கும் கைகலப்பாகிவிட்டது. அவள் நடுவில் புகுந்து விலக்கி, ஒரு நோட்டில் வரிசையாகப் பேர் எழுதினாள். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. இத்தனை நாளில் யாரும் அவர்கள் பேரைக் கேட்டதில்லை.

"அக்கா, நான் வந்து நின்னதுக்கு ஒரு துண்டுச் சீட்டுக் குடுங்க. ஊர்ல போய்க் காட்டணும். பொங்கலுக்கு நாலு நாள்தான் இருக்கு," என்றார் வேல்சாமி.

எதை எழுதுவதென்று தெரியாமல், 'வேல்சாமி, மைக் செட், வந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் கொண்டுபோய் வன்னியம்பட்டியில் காட்டினார். ஊர்ப் பெரியவர்கள் பார்த்தார்கள், பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையா பார்த்தார். கையெழுத்து இருக்கிறது, பிறகென்ன என்று ஸ்பீக்கரைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். பொங்கல் ஜாம்ஜாமென்று நடந்தது.

மறுநாளிலிருந்து மெகராஜ் பேகத்துக்கு எழுதிக் கை ஓயவில்லை. டீக்கடைக்காரர் ஒரு மேஜை கொடுத்தார். மைக் செட்காரர்கள் சேர்ந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் வரிசை கொஞ்சம் தள்ளி நின்றது. நின்றவர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவள் வீட்டில் அடுப்பும் எரியத் தொடங்கியது. பூசணிக்காயும் அரிசியுமாக ஆளுக்கு ஏதாவது கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டாம் என்று முதல் இரண்டு நாள் சொன்னாள்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து, வரிசையின் கடைசியில் ஒரு பெண் நிற்பதை அவள் கவனித்தாள். அய்யம்மாள். நின்றவர்களை விலக்கிக்கொண்டு சிரித்தபடி நேரே மேஜைக்கு வந்துவிட்டாள்.

"என்னக்கா இது, ராஜபாளையத்துப் பக்கமே ஆளைக் காணோம். ஒரு சந்தோஷமான சேதி. எங்க அண்ணன் பம்பாயில இருந்து ஒரு கேம் பெட்டி கொண்டாந்துட்டான். நான் வீட்லயே போட்டுட்டேன். நீங்க வச்சிருந்த மாதிரியே பாய் விரிச்சு. நல்ல கூட்டம். ஒரே ஒரு ஸ்டேஜ்தான் யாருக்கும் வரல, நாலாவது கோட்டை. மேலே போகணுமா கீழே போகணுமான்னு உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மெகராஜ் பேகம் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கூடப் பிறந்தவளைப் போலத் தினமும் மத்தியானம் தன் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தவள்தான். 'ஏட்டி அய்யம்மா' என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் வரிசையில் இருபது பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

அய்யம்மாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. வேல்சாமிதான் அவள் காதோரம் குனிந்து, "பேரைச் சொல்லும்மா, அவிய கேக்குறாகள்ல," என்றார்.

"அய்யம்மாள்," என்றாள் அவள், குரல் இறங்கி.

"அனுமதி இல்லாமப் பெட்டி ஓட்டுறீக. விதி பதினாலுல வருது." மெகராஜ் பேகம் நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் பேரை எழுதினாள். "மனு எழுதிக்கிட்டு நாளைக்கு வாங்க."